வாசலில் நின்றால் தெரியும்

2009 புரட்டாசியில் ஒரு பையனை அடித்தேன். ஏழாம் வகுப்பு, இரண்டாவது பீரியட், அறிவியல். இலையின் குறுக்குவெட்டுப் படத்தைப் போர்டில் வரைந்துவிட்டுத் திரும்பினால், மூன்றாவது வரிசையில் டெஸ்க்கில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தூக்கத்தைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குக் கோபத்தை மூட்டியது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அப்போதெல்லாம் பிரம்பு மேஜை மேலேயே கிடக்கும்.

மறுநாள் காலை அவன் தாத்தா சைக்கிளில் வந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் கரையைப் பார்த்துக்கொள்வதுமாக முப்பது வருஷம் ஆற்றோடு கிடந்த மனிதர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எச்.எம். அறை வாசலை விட்டு நகராமல் நின்றுகொண்டேன்.

“முந்தாநாள் ராத்திரி எங்க வாய்க்காலுக்கு முறைத் தண்ணி, டீச்சர். ரெண்டு மணிக்குத்தான் மடைக்கு வந்துச்சு. அவங்கப்பன் திருப்பூருக்குப் போயிட்டான். புள்ளதான் என்கூட டார்ச் லைட்டு புடிச்சுக்கிட்டு நின்னான், விடியிற வரைக்கும்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“அடிச்சதைக் கேக்க வரலை. உள்ள வரும்போதே தூங்குமூஞ்சி தெரிஞ்சிருக்குமே டீச்சர்? நீங்க பாக்கலையா?”

பார்க்கவில்லை. பார்க்க வாய்ப்பே இல்லை. பிரேயர் முடிந்ததும் நான் ஆசிரியர் அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டை எடுத்து, சாக்பீஸ் தேடி, யாரோடாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டு வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் கிளம்பிய கூச்சலை அடக்க அடுத்த பத்து நிமிஷம். இதைத்தான் ‘வகுப்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம், 2010 ஏப்ரல் 1-ல், கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. “இனிமே எப்படிங்க அடக்குறது?” என்ற புலம்பல் ஆசிரியர் அறையில் பல மாதம் ஓடியது. நானும் சேர்ந்து புலம்பினேன். பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், பதிலுக்குக் கையில் ஒன்றும் தரவில்லை என்ற ஆற்றாமை. தாத்தா கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்தது என்பது பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இப்போது மணி அடிப்பதற்கு முன்னாலேயே என் வகுப்பு வாசலில் நிற்கிறேன். பதிவேடும் சாக்பீஸும் முதல் நாள் சாயங்காலமே மேஜை டிராயருக்குள் போய்விடும். போர்டில் ஒரு சின்னக் கேள்வி எழுதியிருப்பேன், நேற்றைய பாடத்திலிருந்து, இரண்டு வரிக்குள் பதில் எழுதக்கூடியதாக. ‘வாசல் கேள்வி’ என்று பெயர். உள்ளே போகிறவர்களுக்கு உட்கார்ந்ததும் செய்ய ஒரு வேலை இருக்கும். நான் வாசலில் முகங்களைப் பார்ப்பேன். யாருக்குக் கண் சிவந்திருக்கிறது, யார் நேற்றுப் போட்ட சட்டையோடு வந்திருக்கிறார், எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு பேர் இன்று ஏன் தனித்தனியாக வருகிறார்கள். ஐந்து நிமிஷம் போதும், அன்றைக்கு எங்கே புகையும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

தெரிந்ததை என்ன செய்வது என்பதில் நானும் தடுக்கி விழுந்திருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லார் காதிலும் விழும்படி, “என்னடா, வீட்டுல சண்டையா?” என்று கேட்டுவிட்டேன் ஒரு நாள். அந்தப் பையன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது, “அஞ்சாங்கிளாஸ் டீச்சர்கிட்ட இந்த நோட்டைக் கொடுத்துட்டு வா” என்று அனுப்புவேன். திரும்பி வரும்போது வராந்தாவில் நின்று மெதுவாகக் கேட்பேன். சொன்னால் சரி, சொல்லாவிட்டாலும் சரி. தூக்கம் வழிகிறவனை முகம் கழுவிவிட்டு வரச்சொல்லி, நோட்டு விநியோகிக்கும் வேலையைக் கொடுத்தால் முதல் பீரியட் ஓடிவிடும். ரொம்பவும் முடியாதவனைத் தூங்கவிட்டதும் உண்டு. இதை எச்.எம். காதில் போடவில்லை.

பி.எட். படிக்கும்போது ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னது என்ன என்பது மண்டையில் ஏறவே இல்லை. கல்லூரி வகுப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்திருக்கிறார். கண்டிக்கப்படாத மற்றவர்கள்கூட விறைத்துப்போனதைப் பார்த்து, கண்டிப்புக்கு இத்தனை வலுவா என்று ஆராயத் தொடங்கினார். பிறகு பள்ளி வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து, அமைதியான வகுப்புகளையும் அலங்கோலமான வகுப்புகளையும் ஒப்பிட்டார். 1970-ல் வந்த அவர் புத்தகத்தின் முடிவு வேடிக்கையானது. தப்பு நடந்த பிறகு எப்படிக் கண்டித்தார்கள் என்பதில் நல்ல ஆசிரியருக்கும் திணறுகிற ஆசிரியருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் தப்பு நடப்பதற்கு முன்னால் இருந்தது. பாடம் தடைபடாமல் ஓடுகிறதா, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வெற்று நேரம் விழுகிறதா, வகுப்பில் நடப்பதெல்லாம் டீச்சருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகள் நம்புகிறார்களா. கடைசியாகச் சொன்னதற்கு அவர் வைத்த பெயர் ‘வித்-இட்னெஸ்’. நம் பிள்ளைகள் “டீச்சருக்கு முதுகுலயும் கண்ணு” என்பார்களே, அதுதான். தாத்தாவுக்கு கௌனினைத் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் என்னைக் கேட்டது ஒரே கேள்வி.

முதுகில் கண் முளைக்க ஒரே வழி, முன்னால் நிற்பதை நிறுத்துவது. எங்கள் பக்கம் கடைமடை என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, பல ஆறாகப் பிரிந்து, ஆறு வாய்க்காலாகிக் கிளை வாய்க்காலாகி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் வந்து சேருவதற்குள் எத்தனையோ நாள் ஆகிவிடும். சில வருஷம் வந்தே சேராது. என் பாடமும் முதல் இரண்டு வரிசையில் பாய்ந்து அங்கேயே வற்றிக்கொண்டிருந்தது. அடிதடியெல்லாம் கடைசி வரிசையில். தண்ணீர் போகாத இடத்தில்தானே வரப்புச் சண்டை வரும்.

பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவி பாடம் எடுத்த ஒரு நாள், நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு போர்டின் வலது பக்கம் பளபளவென்று மின்னியது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. நடுவில் இருந்த தூண் இடது ஓரத்தை மறைத்தது. கீழ்ப்பாதியை முன்வரிசைத் தலைகள் மறைத்தன. “பின்னாடி என்னடா பேச்சு?” என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்! பாதி நேரம் அவர்கள், போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து போர்டின் மேல் பாதியில் மட்டும் எழுதுகிறேன். வலது பக்க ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தி வைப்பேன். திங்கட்கிழமை தோறும் வரிசைகள் ஒன்று பின்னால் நகரும், கடைசி வரிசை முன்னால் வரும். ‘ப’ வடிவத்தில் பெஞ்சு போட்டுப் பார்த்தேன். கலந்து பேசுகிற பாடத்துக்கு அருமை. ஆனால் எங்கள் அறை ஒடுக்கம். 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் அப்படிப் போட்டால், பக்கவாட்டில் இருப்பவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். வாரத்தில் ஒரு நாள் செயல்பாட்டுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். பெரிய அறையும் குறைந்த பிள்ளைகளும் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

பெஞ்சு எப்படிப் போட்டாலும் இரண்டில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எந்தப் பிள்ளையின் பக்கத்திலும் நான் நாலு எட்டில் போய் நிற்க வழி வேண்டும். வாசற்படியை ஒட்டிப் பெஞ்சோ பையோ செருப்போ கிடக்கக் கூடாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் போனபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. இந்தப் பக்கத்து ஆசிரியர் யாரும் வாசலை அதற்கப்புறம் பழைய கண்ணோடு பார்த்திருக்க முடியாது.

நடந்துகொண்டே பாடம் நடத்துவதில் ஒரு சௌகரியம், கண்டிக்க வாயைத் திறக்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருப்பவன் பக்கத்தில் போய் நின்று, பாடத்தை நிறுத்தாமல், அவன் புத்தகத்தில் எந்த வரி என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். மற்ற 37 பேருக்கு ஒன்றும் நடந்ததே தெரியாது. அவனுக்கும் மானம் போகாது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு, அதுவும் பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், மானம் பெரிய விஷயம். எல்லார் முன்னாலும் சவாலுக்கு இழுத்தால் அவன் தோற்க மாட்டான். மானத்தோடு பின்வாங்க நாம் அவனுக்கு வழி விட்டுவைக்கவும் மாட்டோம்.

இனி ‘அடங்கவில்லை’ கதை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரியும். டீச்சர் வெளியே போனால் லீடர் எழுந்து போர்டு ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போடுவான். கீழே பெயர்கள். திரும்பவும் பேசினால் பெயருக்கு எதிரே ‘அடங்கவில்லை’. அப்புறம் ‘மிகவும் அடங்கவில்லை’. அப்புறம் ‘மி.மி.அ.’ நானும் ஏழாம் வகுப்பில் லீடராக இருந்து எழுதியிருக்கிறேன். பிடிக்காதவளின் பெயரைப் பெரிய எழுத்தில். ஆசிரியையான பிறகும் அதே வழக்கத்தை வைத்திருந்தேன், செலவில்லாத காவல் அது என்று.

ஒரு தடவை அலுவலகத்திலிருந்து போன் வந்திருப்பதாக ஆயா கூப்பிட்டார். கிளம்பி வாசலைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு உடனே திரும்பினேன். அரை நிமிஷம்கூட இருக்காது. வகுப்பு அப்படியே அமைதியாக இருந்தது. லீடர் போர்டில் ஒரு பெயரை எழுதி முடித்திருந்தான். வழக்கமாக முதலில் வருகிற பெயர்தான்.

“அவன் பேசினானா?”

“இன்னும் பேசலை டீச்சர். எப்படியும் பேசுவான்.”

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் தலையைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. அவன் பாட்டுக்கு நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். பெயர் ஏறிவிட்டது, இனிப் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன. நான் பேசாமல் டஸ்டரை எடுத்து அழித்தேன். லீடர் பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கற்றுக்கொண்டதெல்லாம் என்னிடமிருந்துதான்.

பெயர் எழுதுவதை அதோடு நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் சந்தைக்கடைதான், மறைக்க வேண்டியதில்லை. பிறகு வேலைகளைப் பிரித்தேன். ஒருவர் போர்டு, இருவர் நோட்டு, ஒருவர் ஜன்னல், ஒருவர் தண்ணீர்ப் பானை, ஒருவர் வராதவர் பட்டியல், ஒருவர் மதியம் தட்டு கழுவும் குழாய் வரிசை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மாறும். நான் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதும் சுவரில் ஒட்டியிருக்கும்: வாசல் கேள்வி, முடித்தால் நூலகப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம். லீடர் உண்டு, வகுப்புக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் வந்து சொல்வது மட்டும்தான் அவர் வேலை. பெயர் ஏறிக்கொண்டே இருந்த அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது பானை. தினமும் காலையில் பக்கத்து வீட்டுக் கை பம்பிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினான். அவன் பேச்சு குறைந்ததா என்றால் இல்லை. நிறையப் பேசினான். ஆனால் பாதி, “தண்ணியை வீணாக்காதடா” என்பதாக இருந்தது.

ஜூன் முதல் வாரத்துக்கு வருகிறேன். வழக்கமான தேதியில் மேட்டூர் திறந்தால் ஜூன் 12. அதற்கு முன்னால்தான் வாய்க்கால் தூர்வாருவார்கள். தண்ணீர் வந்த பிறகு மண் வெட்டுகிற ஊரும் உண்டு, பேப்பரில் படம் போட்டுத் திட்டுவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே சமயம். முதல் வாரம் நான் பாடம் நடத்துவதில்லை, அல்லது கொஞ்சமாக நடத்துவேன். மீதி எல்லாம் ஒத்திகை. எப்படி உள்ளே வருவது, நோட்டை எப்படிக் கொடுத்து வாங்குவது, வெளியே போக எப்படிக் கேட்பது, சீக்கிரம் முடித்தவர் என்ன செய்வது. நாலுதான். சொல்லிவிட்டு விடக் கூடாது. விளையாட்டு வாத்தியார் டிரில் எடுப்பதுபோலச் செய்துபார்க்க வைக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இது குஷி. எட்டாம் வகுப்பு, “டீச்சர், நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?” என்று முறைக்கும். அவர்களிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் போட்டியாகிவிடும்.

ஒரு வருஷம் எச்.எம். சார் கேட்டார், “போர்ஷன் எப்ப முடிப்பீங்க டீச்சர்?” நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நோட்டு விநியோகம் ஏழு நிமிஷம் எடுத்தது, ஒத்திகைக்குப் பிறகு இரண்டு நிமிஷம். நாளுக்கு ஐந்து நிமிஷம் மிச்சம். ஆறு முதல் எட்டு வகுப்புக்குச் சட்டப்படி 220 வேலை நாள். 1,100 நிமிஷம். 45 நிமிஷப் பீரியட் என்றால் 24-க்கு மேல். ஒரு வாரம் போட்டு ஐந்து வாரத்துப் பீரியட் எடுக்கிறேன் சார் என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நம்பினாரா என்பது வேறு.

விதிகளை மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. ஒரு காலத்தில் சார்ட்டில் பதினாலு எழுதி ஒட்டியிருந்தேன். பதினாலும் ‘கூடாது’ என்று முடியும். நானே ஆறு மறந்துவிட்டேன்.

மேஜையை டஸ்டரால் தட்டுவதையும் விட்டுவிட்டேன். தட்டத் தட்ட அவர்கள் சத்தமும் ஏறும், என் தொண்டையும் போகும். வடகிழக்குப் பருவமழையில் தகரக் கூரை மேல் மழை விழும்போது மைக் இருந்தாலும் கேட்காது. கையைத் தூக்கிவிட்டுப் பேசாமல் நிற்பேன். பார்த்தவர்கள் தூக்குவார்கள், பக்கத்தில் இருப்பவரைத் தொடுவார்கள். பத்துப் பன்னிரண்டு நொடியில் அறை அடங்கும். இதில் ரகசியம் ஒன்றே ஒன்று: முழுசாக அடங்கும் வரை ஆரம்பிக்கக் கூடாது. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, “சரி, பக்கம் 42 எடுங்க” என்று தொடங்கினால், டீச்சர் பேசும்போது பேசலாம் என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். மழை கொட்டுகிற நாளில் வாய்ப்பாடம் வேண்டவே வேண்டாம். படம் வரைதல், வரைபடத்தில் ஆறு குறித்தல் என்று கை வேலைக்குத் தனியாக ஐந்தாறு தாள் தயாராக வைத்திருப்பேன். ‘மழை உறை’ என்று பெயர்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் வகுப்பை ஆளுகிற வேலைதான் என்று எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேட்டுவிட்டு ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில் நீளமாகிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டுசொன்னார். மனசுக்குள் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். முதலில் கை தூக்குகிற அதே ஐந்து பேரோடு மட்டும் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்ததும் தெரிந்தது. மீதிப் பேருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் கிள்ளத்தானே செய்வான்.

ஆனால் இதையெல்லாம் செய்தும் அடங்காத சிலர் இருப்பார்கள். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வராத பிள்ளைக்கு, “அடுத்த பத்தியை நீ வாசி” என்பது தூக்குத் தண்டனை. அந்தத் தண்டனையிலிருந்து தப்ப அவன் முன்கூட்டியே ஒரு சேட்டை செய்து வெளியே போய் நிற்பான். மக்கு என்று பேர் வாங்குவதைவிட ரவுடி என்று பேர் வாங்குவது கௌரவம். சேட்டை எந்த நிமிஷத்தில் தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். வாசிப்பு வரிசை அவனிடம் வருவதற்கு மூன்று பேர் முன்னால்! வரிசையாக வாசிக்க வைப்பதை விட்டேன். அவனுக்கு முதல் நாளே, “நாளைக்கு இந்த ரெண்டு வரி உனக்கு” என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் ஐந்தாவது படிக்கும் தங்கச்சி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் இரண்டு வரியையும் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தான். அதுவும் வாசிப்பு இல்லைதான். ஆனால் அன்றைக்கு அவன் வெளியே நிற்கவில்லை.

பசியும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல் எங்கள் பக்கத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரைக்கும் உப்புமா, பொங்கல், கிச்சடி. தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டு, என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் ஓரம் நிற்பார்கள். நடவு சமயத்தில் அம்மா விடியும் முன்பே வயலுக்குப் போயிருப்பார். வீட்டில் பழைய சோறு இருந்தால் உண்டு. பதினோரு மணிக்கு மேல் சின்னச் சின்னச் சண்டையெல்லாம் ஏன் வெடிக்கிறது என்பதற்கு உளவியல் தேவையில்லை. கடினமான பாடத்தை முதல் இரண்டு பீரியடுக்கு மாற்றினேன். டிராயரில் கடலை மிட்டாய் டப்பா ஒன்று இருக்கும். பரிசு என்று கொடுப்பதில்லை. பரிசு என்று பேர் வைத்தால் பசித்தவனுக்குக் கிடைக்காது.

போன் விஷயமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு தடவை, நல்லதாக ஒன்று சொல்ல மட்டும், போன் போடுவேன். முதல் தடவை ஒரு அம்மா, “என்ன பண்ணுனான் டீச்சர்?” என்று எடுத்த எடுப்பிலேயே அழுதுவிட்டார். ஒன்றுமில்லை, போர்டை சுத்தமாக அழிக்கிறான் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இதுக்கா கூப்பிட்டீங்க?” என்றார். ஆகஸ்டில் அவனைப் பற்றி வேறு விஷயத்துக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்போது அந்த அம்மா சண்டை போடவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. தென்னை, வீடு, மின்கம்பம் எல்லாம் சாய்ந்து, பள்ளிக்கூடம் முகாமாகி, பிறகு ஒரு நாள் திரும்பத் திறந்தோம். வேகமாகக் காற்று அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். புத்தகம் இல்லை, சீருடை இல்லை. பாடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவர்கள் வந்து வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்து போர்டைப் பார்த்தார்கள். நான் எதுவும் எழுதவில்லை. ஒரு பெண்தான் கேட்டாள்: “டீச்சர், வாசல் கேள்வி எங்க?” அவசரமாக எழுதினேன், ‘உன் வீட்டில் இன்னும் நிற்கிற மரம் எது?’ அரை மணி நேரம் எழுதினார்கள். இந்த வேலையில் நான் கண்ட நிறைய நாட்களை மறந்துவிட்டேன், அந்த அரை மணி நேரம் மறக்கவில்லை.

தோற்கிற இடங்களும் உண்டு. ஊர்த் தீமிதிக்கு மறுநாள் எந்த உத்தியும் செல்லாது. இரவெல்லாம் விழித்த வகுப்புக்குக் கதை சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. மைதானத்தில் ஏழாம் வகுப்பு கபடி ஆடும் சத்தம் ஜன்னல் வழியே வரும், என் எட்டாம் வகுப்பின் உடம்பு இங்கேயும் காது அங்கேயும் இருக்கும். வினாடி வினா வைத்தேன், கூச்சல். குழு வேலை கொடுத்தேன், அரட்டை. வாசிக்கச் சொன்னேன், கொட்டாவி. போன மாதத்திலிருந்து, அந்தப் பீரியடில் அடுத்த வாரத்துக்கான வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் வெள்ளி, பானை வேலைக்கு நாலு பேர் அடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வெள்ளி, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மூன்றாவது வெள்ளி மழை, விடுமுறை.